புதுப்பிப்பு: 510510 லாட்டரிச் சீட்டு, நான் செய்த ஒரு தப்பு

போன வாரம் ஆரியங்காவில் சித்தப்பா வாங்கிய சீட்டின் எண் 510510 என்றும், அது முதல் ஏழு பகா எண்களின் பெருக்குத்தொகை (2×3×5×7×11×13×17) என்றும் எழுதியிருந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'ஒன்றைக் கூட்டினால் வரும் 510511-உம் பகா எண்தான், பழங்காலக் கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் சொன்னது' என்று வேறு சேர்த்துவிட்டேன்.

செங்கோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் சீட்டின் பின்பக்கத்தில் 510511-ஐச் சும்மா வகுத்துப் பார்த்தேன். 17 வரையுள்ள பகா எண் ஒவ்வொன்றுக்கும் மீதி 1. சரி, அடுத்த பகா எண் 19. மீதியே இல்லை! 510511 = 19×97×277. யூக்ளிட்டின் வாதப்படி, பெருக்கிய ஏழு பகா எண்களில் எதாலும் அந்த எண் மீதியின்றி வகுபடாது; அதனால் அதன் பகாக் காரணிகள் 17-ஐ விடப் பெரியவை, அவ்வளவுதான். அந்த எண்ணே பகா எண்ணாக இருக்கவேண்டும் என்பதில்லை. தப்பு என்னுடையது.

வகுத்த கையோடு இன்னொன்றும் கிடைத்தது. 510510 = 714×715. 714-இன் பகாக் காரணிகள் 2, 3, 7, 17. 715-க்கு 5, 11, 13. தனித்தனியே கூட்டுங்கள், இரண்டுமே 29. 1974-இல் அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரன் தன் 715-ஆவது ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்து, பழைய வீரர் பேப் ரூத்தின் 714-ஐத் தாண்டினார். அதனால் இப்படிப் பகாக் காரணிகளின் கூட்டுத்தொகை ஒன்றாக வரும் அடுத்தடுத்த எண்களுக்கு ரூத்-ஆரன் ஜோடி என்று பெயர். பேஸ்பாலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்.

அப்புறம், 13×21×34×55-உம் இதே 510510 தான். நான்குமே அடுத்தடுத்த ஃபிபனாச்சி எண்கள் (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை: 13+21=34, 21+34=55). எனக்குப் பிடித்தது இதுதான்.

பரிசு? ஒன்றும் விழவில்லை. "கணக்குப் போட்டே சீட்டைக் கெடுத்துட்டியேடா" என்கிறார் சித்தப்பா.