மறு: ஸ்டேஜ்டு ரோல்அவுட்டுக்கு தமிழ்ல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

இந்த மடல் இழை நீண்டுக்கிட்டே போகுது, அதனால மேல வந்த எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே மடல்ல பதில் போடுறேன், நீளத்துக்கு மன்னிக்கணும். புதுசா வந்தவங்களுக்கு: ஸ்டேஜ்டு ரோல்அவுட்டுன்னா ஆப்போட புது வெர்ஷனை எல்லாருக்கும் ஒரே நேரத்துல குடுக்காம கொஞ்சம் கொஞ்சம் பேரா விடுறது, அதுக்குத்தான் தமிழ்ச் சொல் தேடுறோம்.

> தவணை வெளியீடு நல்லா இருக்கு, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனா தப்பா புரியும். தவணைன்னா ஒரே ஆளு ஒரு தொகையை துண்டு துண்டா கட்டுறது. இங்க ஆப்பை யாரும் துண்டு போடல, புது வெர்ஷன் வந்தா முழுசாத்தான் வருது, ஆளுங்களைத்தான் பிரிச்சு இன்னைக்கு கொஞ்சம் பேரு நாளைக்கு கொஞ்சம் பேருன்னு விடுறாங்க. "இந்தச் செயலி தவணை முறையில் வெளியிடப்படுகிறது"ன்னு போட்டா எங்கப்பா மாசம் எவ்வளவு கட்டணும்னுதான் கேப்பாரு.

> கட்ட வெளியீடு? தேர்தலை மூணு கட்டமா நடத்துறாங்களே.

இது பரவால்ல. ஆனா தேர்தல்ல எந்த ஊருக்கு எந்தக் கட்டம்னு முன்னாடியே அறிவிச்சுடுறாங்க, இங்க அப்படி கிடையாது. கூகுள் ப்ளேல டெவலப்பர் ஒரு சதவீதம் குடுப்பாரு, 5ன்னு குடுத்தா அந்த 5 சதவீதம் யாருங்கறதை கூகுளே குலுக்கல் மாதிரி எடுத்துக்கும், அவருக்கே தெரியாது. ஆப்பிள்ல அந்தக் கணக்கும் டெவலப்பர் கையில இல்ல, 7 நாள், முதல் நாள் 1 சதவீதம், அப்புறம் 2, 5, 10, 20, 50, ஏழாவது நாள் எல்லாருக்கும். நடுவுல கோளாறு தெரிஞ்சா நிறுத்தி வைக்கலாம், மொத்தமா 30 நாள் வரைக்கும்.

நான் இவ்வளவு மல்லுக்கட்டுறதுக்கு காரணம் இருக்கு. இந்தச் சொல்லை டெவலப்பரு எப்படியும் இங்கிலீஷ்லயே படிச்சுக்குவாரு, தமிழ்ல படிக்கப்போறது அப்டேட் வராம உக்காந்திருக்குற ஆளுதான். நாம மொழிபெயர்க்குற கீபோர்டு ஆப்புக்கு வர்ற கேள்விகளை பாருங்க, பாதி இதுதான்: தங்கச்சி டேப்லட்ல புது தீம் எல்லாம் வந்துடுச்சு, என் போன்ல வரல, என் போன் பழசாயிடுச்சா, இல்ல வைரஸா? சிலபேரு யாரோ யூடியூப்ல சொன்னாங்கன்னு ப்ளே ஸ்டோர் டேட்டாவை கிளியர் பண்றாங்க, இன்னும் சிலபேரு ஆப்பையே அழிச்சுட்டு திரும்பப் போட்டு, அது இத்தனை நாளா கத்து வச்சிருந்த வார்த்தையெல்லாம் போச்சுன்னு நமக்கு ஒரு நட்சத்திரம் குடுத்துட்டுப் போறாங்க. அவங்களுக்கு நாம சொல்லவேண்டியது ஒரே வரி, "இன்னும் உங்க முறை வரலை". கட்டம்னு போட்டா அந்த வரி வராது, "உங்கள் கட்டம் வரவில்லை"ன்னா ஜோசியக்காரர் சொல்ற மாதிரி இருக்கு.

அதனால என் பரிந்துரை: முறை வெளியீடு.

வைகை அணைத் தண்ணியை முறைப்பாசனத்துல விடுறாங்கன்னு பேப்பர்ல வருமே, அதே கதைதான். தண்ணி ஒண்ணுதான், எந்த மடைக்கு எப்போங்கறதுதான் வேற. நடுவுல ஷட்டரை இறக்கினாங்கன்னா ஏற்கனவே வயல்ல பாஞ்ச தண்ணி திரும்பி வராது. இங்கயும் அதேதான், 10 சதவீதத்துல க்ராஷ் ஆகுதுன்னு நிறுத்தினாலும் அந்த 10 சதவீதம் பேர் போன்ல ஓட்டை வெர்ஷன்தான் இருக்கும், அதைவிட பெரிய எண் போட்டு இன்னொண்ணு அனுப்பினாத்தான் சரியாகும்.

அப்புறம் இதே சாக்குல அப்டேட்டுக்கு தமிழ்ல புதுப்பிப்பா இற்றையான்னு பழைய சண்டையை தயவுசெஞ்சு மறுபடி ஆரம்பிக்காதீங்க. இற்றைன்னு சொன்னா எங்கம்மாவுக்கு இத்துப்போன வாளிதான் ஞாபகம் வரும்.

---

மறு: ஸ்டேஜ்டு ரோல்அவுட்டுக்கு தமிழ்ல என்ன போடலாம்?

வணக்கம் அண்ணா,

தவணை வேண்டாம் எண்டதுக்கு என்ர ஓட்டும். எங்கட பக்கம் தவணை எண்டால் பள்ளிக்கூடத் தவணைதான், முதலாம் தவணைச் சோதனை, ரெண்டாம் தவணைச் சோதனை. முந்தி ஒராள் "பந்தி வெளியீடு" எண்டு எழுதியிருந்தவர், அதுவும் சரிவராது, நாங்கள் பந்தி எண்டு சொல்லுறது நீங்கள் பத்தி எண்டு எழுதிறதை.

ஆனால் முறை வெளியீடு எண்டு தனிய நிண்டால் முறையான வெளியீடு எண்டுதான் சனம் விளங்கிக்கொள்ளும். அப்ப மற்றதெல்லாம் களவாய் வந்ததோ எண்டு கேப்பினம். முறைக்குப் பக்கத்தில வேற ஏதாவது ஒட்டவேணும்.

இன்னொண்டு. ஐபோன்காரருக்கு "உங்கள் முறை வரவில்லை" எண்டு சொல்லுறது பிழை. ஆப்பிள்ல அந்த 7 நாள் கணக்கு தானா அப்டேட் ஆகிறதுக்கு மட்டும்தான், ஆப் ஸ்டோருக்குள்ள போய் கையால அமத்தினால் முதல் நாளே கிடைக்கும்.

---

மறு: ஸ்டேஜ்டு ரோல்அவுட்டுக்கு தமிழ்ல என்ன போடலாம்?

தம்பி, "முறையான" விஷயத்துல நீங்க சொல்றது சரியான அடி. முறைவைப்பு வெளியீடுன்னு வச்சுக்கலாமா? முறை வச்சு தண்ணி பிடிக்கிறோம், முறை வச்சு பாத்திரம் கழுவுறோம், பேச்சுல இருக்குறதுதான். வினையாவும் வளையுது: "முறைவைத்து வெளியிடு", "முறைவைப்பை நிறுத்து". தேவைப்பட்டா வெளியீட்டை விட்டுட்டு வெறும் முறைவைப்புன்னே போடலாம், பட்டன்ல இடம் மிச்சம், சின்ன போன்ல தமிழ் சொல் உடைஞ்சு ரெண்டாவது வரிக்குப் போற தொல்லையும் குறையும்.

ஐபோனுக்கு தனிச் சொல் வேண்டாம், சரத்தை, அதாவது ஆப்ல தெரியுற வாசகத்தை, மட்டும் பிரிச்சுடலாம். ஆண்ட்ராய்டுக்கு "இந்தப் புதுப்பிப்பு முறைவைத்து அனுப்பப்படுகிறது. உங்கள் முறை வரும்போது கிடைக்கும்." ஐபோனுக்கு "தானாக வரக் கொஞ்சம் நாளாகலாம். இப்போதே வேண்டுமென்றால் ஆப் ஸ்டோரில் புதுப்பி என்பதைத் தொடுங்கள்."

ஒண்ணு மட்டும் கவனமா இருக்கணும். வெர்ஷன் எண் ரெண்டு போன்லயும் ஒண்ணாவே இருக்கும், ஆனா ஒருத்தருக்கு புது பட்டன் தெரியும் இன்னொருத்தருக்கு தெரியாது, அது வேற சமாச்சாரம், சர்வர்ல இருந்து ஸ்விட்ச் போடுறது. அதுக்கும் முறைவைப்புன்னு போட்டுறாதீங்க. அப்டேட் பண்ணியாச்சு, பண்ணியும் வரலைன்னு நிக்கிறவர்கிட்ட போய் ஸ்டோர்ல பாருங்கன்னு சொன்னா மனுஷன் கடுப்பாயிடுவாரு. இதுக்கு தனி இழை திறக்குறேன்.

மறுப்பு இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதுங்க, இல்லன்னா திங்கள் காலையில சரங்களை ஏத்திடுறேன். ரோல்பேக்குக்கு, அதான் பழைய வெர்ஷனுக்கே திரும்பிப் போறதுக்கு, இன்னும் ஒருத்தரும் எதுவும் சொல்லல.