மகனீசியத்தின் சாரணுத்திணிவு 23.0 என்றே வருகிறது, எங்கே பிழை?

கொக்குவில் மாணவி:
வணக்கம். உயர்தரம் இரண்டாம் வருடம். மகனீசிய நாடாவை ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தில் கரைத்து, வெளிவருகிற ஐதரசனை நீரின் மேல் சேர்த்து சாரணுத்திணிவைக் கணிக்கிற பரிசோதனை. மூன்று தரம் செய்துவிட்டோம், மூன்று தரமும் 23 ஐ ஒட்டியே வருகிறது. 24.3 வரவேண்டும் அல்லவா?

எங்கள் தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும். அதனால் 1 மீற்றர் நாடாவை நிறுத்தோம், 1.00 கிராம். அதில் சரியாக 4.0 சென்ரிமீற்றர் வெட்டினோம், ஆகவே 0.040 கிராம். நாடாவைச் செப்புக் கம்பியில் சுற்றி அளவியின் (கனவளவுக் குறிகளும் ஒரு முனையில் அடைப்பானும் உள்ள நீண்ட கண்ணாடிக் குழாய்) வாயில் செருகி, அளவியைத் தலைகீழாக நீர்த்தொட்டியில் நிறுத்தினோம். சேர்ந்த வாயு 43.4 கன சென்ரிமீற்றர். பாரமானி காட்டிய வளியமுக்கம் 101,000 பஸ்கால், வெப்பநிலை 30 பாகை செல்சியஸ், அதாவது 303 கெல்வின். இலட்சிய வாயுச் சமன்பாட்டில் (PV = nRT) போட்டால் ஐதரசன் 0.00174 மூல். ஒரு மூல் மகனீசியம் ஒரு மூல் ஐதரசனைத் தருவதால் மகனீசியமும் அவ்வளவுதான். 0.040 ஐ அதால் வகுத்தால் 23.0. கணக்கை நாலு பேர் பார்த்துவிட்டோம், கூட்டல் கழித்தலில் பிழை இல்லை.

நல்லூர் தம்பி:
அக்கா, நாடாவை மண்தாளால் தேய்த்தீர்களா? மேலே ஒட்சைட்டு படிந்திருந்தால் நிறையில் சேரும், ஆனால் ஐதரசன் தராது. எங்களுக்கும் போன தவணை அப்படித்தான் பிழைத்தது.

கொக்குவில் மாணவி:
தேய்த்தோம் தம்பி, வெள்ளியாக மினுங்கும்வரை.

இரசாயனம் படிப்பிக்கிற அண்ணா:
முதலில் பிழை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கோ. ஒட்சைட்டு இருந்தால் ஐதரசன் குறையும், மூல் குறையும், விடை 24.3 ஐத் தாண்டி ஏறும். உங்கள் விடை இறங்கியிருக்கிறது, அதாவது உள்ளதை விடக் கூடுதலான ஐதரசன் கிடைத்ததாக நீங்கள் கணித்திருக்கிறீர்கள். அளவியின் 50 குறிக்கும் அடைப்பானுக்கும் இடையில் குறியில்லாத இடம் இருக்கிறதே, அதைச் சேர்க்காமல் விட்டிருந்தாலும் விடை மேலேதான் போகும். ஆகவே அதுவும் காரணம் இல்லை.

நீங்கள் 101,000 முழுவதையும் ஐதரசனுக்கே கொடுத்துவிட்டீர்கள். நீரின் மேல் சேர்த்த வாயு ஒருநாளும் தனி வாயு இல்லை, நீராவியும் அதற்குள் நிரம்பி நிற்கிறது. 30 பாகையில் நீரின் நிரம்பலாவி அமுக்கம், அதாவது அப்படி நிரம்பி நிற்கிற நீராவி தருகிற அமுக்கம், 4,240 பஸ்கால். பல புத்தகங்களில் 25 பாகைக்குரிய 3,170 தான் இருக்கும், அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள், யாழ்ப்பாணத்து மத்தியானத்துக்கு அது பொருந்தாது. வெப்பமானியைத் தொட்டி நீரிலேயே வைத்து வாசியுங்கோ.

கொக்குவில் மாணவி:
101,000 இலிருந்து 4,240 ஐக் கழித்து 96,760 போட்டேன். 24.0 வந்துவிட்டது! ஆனால் ஒன்று விளங்கவில்லை அண்ணா. அமுக்கத்தில் நீராவியைக் கழிக்கிறோம், அப்போ 43.4 இலும் நீராவியின் கனவளவைக் கழிக்கத்தானே வேண்டும்? சிநேகிதி அப்படித்தான் செய்யவேணும் என்று நிற்கிறாள்.

இரசாயனம் படிப்பிக்கிற அண்ணா:
இந்தக் கேள்வியைக் கேட்டது மிகவும் நல்லது, வகுப்பில் பாதிப் பேர் இதில்தான் தடுமாறுவார்கள். ஐதரசன் குழாயின் ஒரு பாதியிலும் நீராவி மற்றப் பாதியிலும் குந்தியிருப்பதில்லை. இரண்டும் அந்த 43.4 முழுவதும் பரந்திருக்கின்றன. கனவளவும் வெப்பநிலையும் இரண்டுக்கும் பொது, பங்கு பிரிவது அமுக்கம் மட்டுமே. ஒரு வாயு அந்தப் பாத்திரத்தில் தனியே இருந்தால் என்ன அமுக்கம் தருமோ அதுதான் அதன் பகுதியமுக்கம், எல்லாவற்றையும் கூட்டினால் மொத்த அமுக்கம். ஆங்கில விஞ்ஞானி ஜோன் தாற்றன் (Dalton) இதைச் சொன்னது 1801 இல். அவர் 1787 இலிருந்து சாகும்வரை, 57 வருடம், நாளாந்தம் வானிலைக் குறிப்பு எழுதியவர், காற்றில் நீராவி எப்படி நிற்கிறது என்ற யோசனைதான் அவரை இந்த விதிக்குக் கொண்டுபோனது. உங்கள் குழாயும் அதே கேள்விதான்.

ரீச்சர் (ஓய்வு):
பிள்ளை, 24.0 உடன் நிற்காதே, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கனவளவு வாசிக்கும்போது குழாய்க்குள் நீர்மட்டமும் தொட்டி நீர்மட்டமும் ஒன்றாக இருந்ததா? இன்னொன்று, அளவிக்குள் கிணற்றுத் தண்ணீரா விட்டீர்கள்? எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணறுகளில் இருகாபனேற்று நிறைய. அமிலம் பட்டால் காபனீரொட்சைட்டு வரும், அதுவும் ஒரு பங்கு அமுக்கத்தோடு உள்ளே வந்து உட்காரும்.

கொக்குவில் மாணவி:
அளவிக்குள் காய்ச்சி வடித்த நீர்தான் ரீச்சர், தொட்டிக்குத்தான் கிணற்று நீர். மட்டம் ஒன்றாக இல்லை. உள்ளே 12 சென்ரிமீற்றர் உயரமாக நின்றது, கொப்பியில் படம் கீறி எழுதி வைத்திருக்கிறேன். அது முக்கியம் என்று தெரியாது.

ரீச்சர் (ஓய்வு):
எழுதி வைத்தாயே, அது போதும். வெளிக்காற்றுக்கு எதிரே உள்ளிருந்து நிற்பது மூன்று: ஐதரசன், நீராவி, அந்த 12 சென்ரிமீற்றர் நீர்நிரல். நிரலின் பங்கு 0.12 × 1000 × 9.8, ஏறக்குறைய 1,180 பஸ்கால். அதையும் கழி. அடுத்த தரம் வாயு குளிர்ந்த பிறகு அளவியை ஆழமான வாளிக்குள் மெல்ல இறக்கி, இரண்டு மட்டமும் ஒன்றாக வந்ததும் வாசி, இந்தக் கழிப்பே தேவைப்படாது.

கொக்குவில் மாணவி:
101,000 − 4,240 − 1,180 = 95,580. மூல் 0.001647. 0.040 ஐ வகுத்தால் 24.3!! சிநேகிதிக்கும் காட்டினேன். அவள் இப்போ கேட்கிறாள், உலர்ந்த ஐதரசன் 101,000 இல் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கண்டு அந்தக் கனவளவைப் போட்டால் என்ன என்று.

இரசாயனம் படிப்பிக்கிற அண்ணா:
போடலாம், 43.4 × 95,580 ÷ 101,000 = 41.1 கன சென்ரிமீற்றர். அதை 101,000 உடன் சேர்த்துப் போட்டால் அதே 24.3 வரும். 41.1 ஐயும் 95,580 ஐயும் ஒன்றாகப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கோ, அப்போ இரண்டு தரம் கழித்ததாகி விடை 25.7 க்கு ஏறிவிடும்.