எம்டிஎஸ் (இன்டெல் சிப்பின் பாதுகாப்பு ஓட்டை): ஹோஸ்டில் சரி, விஎம்முக்குள் மட்டும் 'வல்னரபிள்' என்கிறது

மொட்டைமாடி_சர்வர்: வீட்டில் இன்டெல் ஐ7, 6-ஆம் தலைமுறை. ஹோஸ்ட், அதாவது நிஜ மெஷின், உபுண்டு; அதில் கேவிஎம், அதற்குள் ஒரு டெபியன் விஎம் (விர்ச்சுவல் மெஷின்). வீட்டுப் பத்திரங்கள், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் அந்த விஎம்மில்தான் இருக்கின்றன, அதனால் நேற்று அதற்குள் எல்எஸ்சிபியு (சிபியு விவரம் காட்டும் கமாண்ட்) ஓட்டிப் பார்த்தேன். எம்டிஎஸ் வரியில் 'வல்னரபிள்... நோ மைக்ரோகோட்' என்று வருகிறது. ஹோஸ்டில் அதே வரி 'மிட்டிகேஷன்' (தடுப்பு இருக்கிறது) என்கிறது. விஎம்முக்குள் மைக்ரோகோட் பேக்கேஜ் போட்டு மூன்று முறை ரீபூட் செய்தும் அப்படியேதான் இருக்கிறது. எதை விட்டுவிட்டேன்?

கெர்னல்காரன்: மைக்ரோகோடை விஎம்முக்குள் போட்டுப் பயனில்லை, அது சிப்புக்கான திருத்தம், நிஜ சிப்பில் ஏற வேண்டியது, ஹோஸ்டில் ஏறியும்விட்டது. கியூஎம்யு (விஎம்மை ஓட்டும் புரோகிராம்) எந்த சிபியு ஃபிளாக்கை, அதாவது எந்த சிப் வசதியின் பெயரை, காட்டுகிறதோ அதுதான் விஎம்முக்குத் தெரியும். எம்டிஎஸ் 2019 மே மாதம் வெளியே வந்தபோது, புது மைக்ரோகோடோடு 'எம்டி கிளியர்' என்ற ஃபிளாக்கும் வந்தது. அது கண்ணில் படாவிட்டால் உள்ளே இருக்கும் கெர்னல் மைக்ரோகோடே இல்லை என்று முடிவு கட்டிவிடும். மாடல் நேம் வரியில் என்ன இருக்கிறது?

மொட்டைமாடி_சர்வர்: 'கியூஎம்யு விர்ச்சுவல் சிபியு வெர்ஷன் 2.5+'

கெர்னல்காரன்: அதேதான். சிபியு மாடல் எதுவும் சொல்லாமல் விஎம்மை உருவாக்கினால் இந்தப் பொதுவான மாடல்தான் கிடைக்கும். எம்டி கிளியர், ஸ்பெக்டர் என்ற சிப் ஓட்டைக்கான ஃபிளாக்குகள், மெல்ட்டவுன் என்ற இன்னொரு ஓட்டைக்கான தடுப்பின் வேகக் குறைவைத் தணிக்கும் பிசிஐடி, ஏன், என்க்ரிப்ஷனை வேகப்படுத்தும் ஏஇஎஸ் கூட அதில் கிடையாது. விர்ஷ் எடிட் (விஎம் அமைப்பைத் திருத்தும் கமாண்ட்) கொடுத்து சிபியு மோடை 'ஹோஸ்ட்-பாஸ்த்ரூ' என்று மாற்றுங்கள், ஹோஸ்ட் சிபியு அப்படியே விஎம்முக்குத் தெரியும். அப்புறம் விஎம்மை முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளேயிருந்து ரீபூட் கொடுத்தால் பழைய கியூஎம்யு பிராசஸே ஓடிக்கொண்டிருக்கும், ஃபிளாக்குகளும் மாறாது. இது தெரியாமல் எனக்கு ஒரு ராத்திரி போனது.

ரேக்_நம்பர்_7: ஒரே மெஷின் என்றால் பாஸ்த்ரூ போதும். வேறு வேறு தலைமுறை சிபியு உள்ள ஹோஸ்டுகளுக்கு இடையே லைவ் மைக்ரேஷன் (ஓடும் விஎம்மை நிறுத்தாமல் நகர்த்துவது) செய்பவர்கள் அதைத் தொடாதீர்கள், புது சிபியுவில் இருந்த ஃபிளாக் பழையதில் இல்லாவிட்டால் விஎம் நகராது, நகர்ந்தாலும் நடுவழியில் விழும். இருப்பதிலேயே பழைய சிபியுவின் மாடலை எடுத்துக்கொண்டு, எம்டி கிளியரையும், வேறொரு சிப் ஓட்டைக்கான எஸ்எஸ்பிடி ஃபிளாக்கையும் கையால் சேர்க்க வேண்டும். ஸ்பெக்டர் தடுப்போடு வரும், பெயர் ஐபிஆர்எஸ் என்று முடியும் மாடல்களில்கூட இந்த இரண்டும் தானாக வராது, பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

மொட்டைமாடி_சர்வர்: ஷட்டவுன் செய்து ஏற்றியதும் 'மிட்டிகேஷன்: கிளியர் சிபியு பஃபர்ஸ்' வந்துவிட்டது! ரொம்ப நன்றி. என்க்ரிப்ட் செய்த டிஸ்க்கில் காப்பி எடுப்பதும் கண்ணுக்குத் தெரியும் அளவு வேகமாகிவிட்டது. ஆனால் பக்கத்தில் 'எஸ்எம்டி ஹோஸ்ட் ஸ்டேட் அன்நோன்' என்று இன்னும் இருக்கிறதே?

கெர்னல்காரன்: அது இருக்கத்தான் செய்யும். எஸ்எம்டி என்பது ஹைப்பர்த்ரெடிங், ஒரே கோரில் இரண்டு த்ரெட் ஓட்டுவது; ஹோஸ்டில் அது ஓடுகிறதா என்று விஎம்மால் கண்டுபிடிக்க முடியாது. ஹோஸ்டில் அதே வரியைப் பாருங்கள், 'எஸ்எம்டி வல்னரபிள்' என்றால் ஓடுகிறது என்று அர்த்தம். நம்பிக்கையில்லாத யாருக்காவது அதே மெஷினில் விஎம் கொடுத்திருந்தால் பயாஸில் அதை அணைத்துவிடுங்கள், பத்திரங்கள் இருக்கிற மெஷின் என்கிறீர்கள்.