மறுமொழி: ‘றெசிஸ்ட் டையிங்’குக்கு மறிசாயம்

அன்பின் குழுவினருக்கு,

துணியில் சில இடங்களில் சாயம் பிடிக்காமல் தடுத்துக் கோலம் வரச்செய்யும் ‘றெசிஸ்ட் டையிங்’ (resist dyeing) முறைக்கு நாங்கள் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்குப் போன கிழமை சேர் முன்வைத்த ‘எதிர்ப்புச் சாயமிடல்’ எனக்கு ஒட்டவில்லை. மட்டக்களப்புக் காந்திப் பூங்காவுக்கு முன்னால் பதாகை பிடித்துக்கொண்டு நிற்கிற சாயம் மாதிரி இருக்கிறது. துணி எதையும் எதிர்க்கவில்லை. போகவேண்டாத இடத்துக்குச் சாயம் போகாமல் நாங்கள்தான் மறிக்கிறோம், வரம்பில் தண்ணீர் போகும் வக்கடையைக் கட்டி வயலுக்குள் தண்ணீரை மறிப்பது போல. ஆகவே என் சொல்: மறிசாயம்.

இது மேசையில் இருந்து யோசித்ததல்ல. இரண்டு மாதமாக ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் துணியை மடித்தும் தைத்தும் கட்டியும் சாயமிடும் யப்பானியரின் சிபோரி முறைகளைச் செய்து பார்க்கிறேன். முதல் துணி பிழைத்துப்போனது. பிடவைக்கடையில் வாங்கிய வெள்ளைப் பருத்தியைக் கஞ்சி போகக் கழுவாமல் வாளிக்குள் போட்டேன். சாயம் திட்டுத்திட்டாகத்தான் பிடித்தது. அடுத்த துண்டைச் சவர்க்காரம் போட்டு அவித்தேன். விசிறி போல மடித்து, அதையே முக்கோணமாகத் திரும்பத் திரும்ப மடித்து, இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவில் வைத்து இறுக்கி அவுரித் தொட்டியில் அமிழ்த்தினேன். (தொட்டிக்கு அவுரி நீலம் 1 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 2, பழச்சர்க்கரை 3.) வெளியே எடுக்கும்போது துணி மஞ்சட்பச்சை. காற்றுப் பட்டதும் ஓரத்திலிருந்து நீலம் ஏறிக்கொண்டு வரும். இதைப் பார்ப்பதற்காகவே எங்கள் வீட்டில் இப்போது வெள்ளைத் தலையணை உறை ஒன்றும் மிச்சமில்லை. பலகையைக் கழற்றினால் அது அழுத்திய இடத்தில் வெள்ளை அப்படியே கிடக்கிறது. அந்த வெள்ளைக்குப் பேர் வைக்கத்தான் இவ்வளவு பாடு.

மருதமுனை ராத்தா முன்வைத்த ‘கட்டுச்சாயம்’ அழகான சொல். வட இந்தியாவில் துணியை முடிச்சுமுடிச்சாகக் கட்டிச் சாயமிடும் பாந்தினியின் பேருக்கும் வேர் கட்டுதல்தான். ஆனால் மேலே சொன்ன பலகை முறை சிபோரியில் இதாஜிமே. அதில் கட்டு எங்கே? நுயி என்ற முறை வெறும் தையல். அரஷி என்ற முறையில் நூற்கட்டு வரும்: துணியைக் குழாயில் சுற்றி, நூலால் வரிந்து, ஒரு பக்கம் ஒதுக்கிச் சுருக்க வேண்டும். விரித்தால் காற்றில் சாய்ந்த மழை போலக் கோடுகள். அரஷி என்றாலே புயல்தான்.

‘சிபோரு’ என்றால் பிழி, முறுக்கு. அதற்காகப் ‘பிழிசாயம்’ என்றால் எங்கள் ஆட்கள் இடியப்ப உரலைத் தேடுவார்கள். சிபோரி சிபோரியாகவே இருக்கட்டும். பொதுச்சொல்தான் நமக்கு வேண்டும். மறிப்பது எதுவோ அதை முன்னால் வைத்தால் உட்பிரிவும் தானாக வரும்: பலகைமறி, தையல்மறி, கட்டுமறி. மெழுகு பூசிச் சாயமிடும் பத்திக் (batik) முறையும் மெழுகுமறி என்று உள்ளே வந்துவிடும். அரிசிப் பசை பூசும் கதாசொமே பசைமறி.

---

> சேரின் பதில்: மறிசாயம் என்றால் ‘மறிக்கின்ற சாயம்’ ஆகாதா தம்பி? சாயமா மறிக்கிறது? போதாததற்கு வழக்கு முடியும் முன் ஆளை அடைத்துவைக்கும் விளக்கமறியல் வேறு ஞாபகம் வருகிறது.

சேர், குடிநீர் எதையாவது குடிக்கிறதா? நாங்கள் குடிக்கிற நீர் குடிநீர், நாங்கள் மறிக்கிற சாயம் மறிசாயம். வினைத்தொகை என்பதால் நடுவில் ‘ச்’ மிகாது. ‘மறிச்சாயம்’ என்று திருத்திவிடாதீர்கள். மறியல் விசயம்... இரண்டு பலகைக்கு நடுவில் நசிந்து கிடக்கும் துணியைப் பார்த்தால் அதுவும் பிழையில்லை.

ராத்தா, உங்கள் ஊர்த் தறிக்காரர்கள், சாயக்காரர்கள் வாயில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் என்னுடையதை நானே எடுத்துவிடுகிறேன்.