‘ஸ்டேகர்’ என்பதற்குத் தள்ளாட்டம் வேண்டாம், புறமிகை போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய அமெரிக்கப் பந்தய வண்டிகளின் பின்னச்சு பற்றி நாம் தொகுத்துவரும் தமிழ்ச் சொற்பட்டியலுக்காக, ‘ஸ்டேகர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சில நாளாக நேர்ச்சொல் தேடிவருகிறோம். அதற்கு நேராகத் ‘தள்ளாட்டம்’ என்று பட்டியலில் ஏறியிருப்பதை நேற்றிரவு பார்த்தேன். அதை இன்றே எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அகராதியில் அந்தப் பொருள் இருக்கிறது. குடித்தவன் நடைக்கு அது பொருந்தும். பந்தயப் பட்டறையில் அந்தச் சொல் குறிப்பது ஓர் அளவை. பின்னச்சில் வலப்பக்க டயரின் சுற்றளவு இடப்பக்க டயரைவிட எவ்வளவு கூடுதல் என்பதே அந்த அளவு. வண்டி வளைவில் பிசகாமல் திரும்புவதற்காகச் செய்த ஏற்பாட்டைத் தள்ளாட்டம் என்று எழுதினால் படிப்பவர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார்.

அந்த வண்டிகளை ஒருமுறை மனதில் நிறுத்திக்கொள்வோம். அமெரிக்க நீள்வட்டத் தடங்களில் ஓட்டம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், திருப்பமெல்லாம் இடப்பக்கமே. இண்டியானாபொலிஸ் தடம் இரண்டரை மைல் நீளம், நான்கு வளைவுகள், நான்கும் இடம். வண்டி கட்டியவர்கள் இதை மனதில் வைத்தே கட்டினார்கள். 1953, 1954 ஆண்டுகளில் அந்தத் தடத்தின் 500 மைல் பந்தயத்தில் பில் வுகோவிச் வென்ற வண்டி ஃபிராங்க் கர்டிஸ் கட்டியது. அதில் எஞ்சின் நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கும். ஓட்டுநர் வலப்பக்கம், எஞ்சினிலிருந்து பின்னச்சுக்குப் போகும் சுழல்தண்டுக்கு அருகே தாழ்ந்து அமர்வார். ஏ. ஜே. வாட்சன் கட்டிய வண்டிகளும் எடையை இடப்பக்கம் சாய்த்தவைதான். 1964இல் ஏ. ஜே. ஃபாய்ட் அப்படியொரு வண்டியில் வென்றார். முன்னால் எஞ்சின் வைத்த வண்டி அங்கே வென்றது அதுவே கடைசி முறை.

மண் தடங்களில் ஓடிய ஸ்பிரிண்ட் கார்களுக்கு வந்தால் கதை இன்னும் தெளிவாகிறது. அவற்றின் பின்னச்சில் டிஃபரென்ஷியல், அதாவது இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்பு, கிடையாது. இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகி, ஒரே வேகத்தில் சுழலும். வளைவில் வெளிச்சக்கரம் ஓட வேண்டிய தூரமோ அதிகம். இரண்டும் ஒரே அளவு டயராக இருந்தால் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்தே ஆக வேண்டும். வண்டி திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும். வலப்பக்க டயர் பெரிதாக இருந்தால் ஒரே சுற்றில் அது கூடுதல் தூரம் போய்விடும். மேசைமேல் காகிதக் குவளையைப் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள். வாய் அகலம், அடி குறுகல். குவளை நேராக ஓடாமல் வட்டமடித்துக் கைக்கே திரும்பி வரும்.

கணக்கும் எளிது. உட்சக்கரம் ஓடும் வட்டத்தின் ஆரம் 60 மீட்டர், இரு சக்கரங்களுக்கு நடுவே 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சக்கரத்தின் ஆரம் 61.5 மீட்டர். இட டயரின் சுற்றளவு 200 சென்டிமீட்டர் என்றால் வல டயர் 205 இருக்க வேண்டும். அந்த 5 சென்டிமீட்டருக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

நான் ரயில்வே பணிமனையில் சக்கரக் கடைசல் பிரிவில் வேலை பார்த்தவன். ரயில் சக்கரமும் அச்சோடு இறுகியதுதான், அங்கும் டிஃபரென்ஷியல் இல்லை. அதனால் சக்கரத்தின் உருளும் பரப்பை 20க்கு 1 என்ற சரிவில் கடைவோம். வளைவில் அச்சு வெளிப்பக்கம் நகரும்போது வெளிச்சக்கரம் தன் பெரிய விட்டத்தில் உருளும், உட்சக்கரம் சிறியதில். ஸ்பிரிண்ட் கார்க்காரர்கள் இதே வேலையை இரண்டு வெவ்வேறு டயர்களால் செய்தார்கள் என்று படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. இந்தச் சொல்லுக்காக நான் இவ்வளவு மல்லுக்கட்டுவதும் அதனால்தான்.

வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம். ‘சுற்றளவு வேறுபாடு’ தவறில்லை. ஆனால் எந்தப் பக்கம் பெரிது என்று அது சொல்லவில்லை. ஒரே பத்தியில் நான்கு முறை எழுத வேண்டி வந்தால் வாக்கியம் மூச்சு வாங்கும். ‘சமனின்மை’ என்றால் ஏதோ கோளாறு என்று தோன்றும். ‘வலமிகை’ எனக்குப் பிடித்திருந்தது, இரண்டு நாள் அதையே சொல்லிப் பார்த்தேன். ஆனால் ‘வலம்’ என்று காதில் விழுந்ததும் நமக்கு வலம் வருதல் நினைவுக்கு வரும். கோயிலில் நாம் சுற்றுவது கடிகாரத் திசையில்; இந்த வண்டிகள் சுற்றுவது அதற்கு எதிரே. கடிகாரத் திசையில் ஓடும் தடத்தைப் பற்றி எழுத நேர்ந்தால் சொல் பொய்த்தும் போகும்.

ஆகவே என் பரிந்துரை ‘புறமிகை’. வளைவின் வெளிப்பக்கச் சக்கரத்தில் உள்ள மிகை. எந்தத் திசையில் ஓடினாலும் பொருள் மாறாது. ஓட்டுநர் சில வேளை உட்சக்கரத்தைப் பெரிதாக வைத்தால் அதற்கு ‘அகமிகை’ என்று இணைச்சொல் தானாகவே கிடைக்கிறது. சொல் நிற்குமா என்பதை வாக்கியத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்:

“புறமிகை போதவில்லை, வண்டி வளைவில் நேராக இழுக்கிறது.”

“வல டயரில் கொஞ்சம் காற்று ஏற்றிப் புறமிகையைக் கூட்டினார்கள்.”

“புறமிகை அதிகமானதால் நேர்த்தடத்தில் வண்டி இடப்பக்கமே இழுத்தது.”

இரண்டாவது வாக்கியம் நடைமுறையில் உள்ளதுதான். டயரின் நடுக்கோட்டைச் சுற்றி அளவுநாடாவைப் பிடித்துப் படிப்பார்கள். காற்றழுத்தம் கூடினால் டயர் சற்றுப் பருத்துச் சுற்றளவு கூடும். டயரை மாற்றாமலே கடைசி நேரத்தில் செய்துகொள்ளும் சிறு திருத்தம் அது.

பட்டியலில் இன்னொரு பதிவையும் கவனிக்க வேண்டும். ‘லைவ் ஆக்சில்’ என்பதற்கு ‘உயிரச்சு’ என்று இருக்கிறது. அங்கே உயிர் என்று எதுவும் இல்லை. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் அச்சு என்பதே பொருள். மாட்டு வண்டியின் இருசு நிலையாக நிற்கிறது, சக்கரம்தான் அதன்மேல் சுற்றுகிறது. அதற்கு மாறானது இது. ‘இயக்கச்சு’ போதும். டிஃபரென்ஷியல் இல்லாமல் இரு சக்கரமும் இறுகியதற்கு மட்டும் ‘உடன்சுழலச்சு’ என்று தனிப்பெயர் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள், டிஃபரென்ஷியல் உள்ள லாரியின் பின்னச்சும் இயக்கச்சுதான். முறுக்கத்தால் வில்லாக வேலை செய்யும் ‘டார்ஷன் பார்’ என்பதற்கு உள்ள ‘முறுக்குத் தண்டு’ அப்படியே இருக்கட்டும், அதைவிட நல்ல சொல் கிடைக்காது.

புறமிகையை ஏற்காதவர்கள் தங்கள் சொல்லோடு, அதை வைத்து எழுதிய இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை பட்டியலைத் திருத்த உட்காருகிறேன்.