மூன்றாம் முறை களவில் பிடிபட்டவருக்குச் சிறையைத் தவிர்க்கக் கேட்பது நியாயமா?

உவர்மலை அக்கா: என் தம்பி கடந்த மாதம் திருகோணமலை நகரிலுள்ள ஒரு பல்பொருள் அங்காடியில் இரண்டு பால்மா பொதிகளை மேற்சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியேறும்போது வாசலில் பிடிபட்டான். முன்னர் இரண்டு களவு வழக்குகளில் குற்றவாளியாகக் காணப்பட்டவன். ஒன்றில் தண்டப்பணம், மற்றதில் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. இப்போது பிணையில் இருக்கிறான். அவன் சிறைக்குப் போகாமலிருக்க வழி உண்டா?

கடைவீதியார்: தங்கச்சி, உங்கள் கவலை விளங்குகிறது, ஆனால் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. மாத முடிவில் இருப்பெடுக்கும்போது குறைகிற பொதியின் விலையைக் காசாளர் பிள்ளையின் சம்பளத்தில் கழிக்கும் கடைகளும் இருக்கின்றன. ஒருமுறை தண்டப்பணத்தோடு விட்டாயிற்று, இன்னொருமுறை தண்டனையை ஒத்திவைத்தாயிற்று. இனியும் சலுகை என்றால் நீதிமன்றத்தின் சொல்லுக்கு என்ன மதிப்பு?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்: நியாயத்தைப் பிறகு பேசுவோம், முதலில் சட்டம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 367ஆம் பிரிவின்படி களவுக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கட்டடத்துக்குள் நடந்த களவுக்குரிய 369ஆம் பிரிவு இதைவிடக் கடுமையானது; ஆகவே குற்றப்பத்திரத்தில் எந்த இலக்கம் எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அதைவிட முக்கியமானது பழைய ஒத்திவைப்பு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி ஒத்திவைப்புக் காலம் குறைந்தது ஐந்து ஆண்டுகள். அது முடியுமுன் புதிய குற்றம் நடந்திருந்தால், பழைய தண்டனையும் உயிர்பெற்று இதனுடன் சேர்ந்து வரும். பால்மாவின் விலையை வைத்து மட்டும் இந்த வழக்கை எடைபோடக் கூடாது.

கடைவீதியார்: அப்படியானால் சட்டமே என் பக்கம் நிற்கிறது, ஐயா.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்: பாதிதான். தண்டனை விதிக்குமுன் ஆளின் பின்னணி, குற்றத்தின் பாரதூரம், குற்றத்தை ஒப்புக்கொண்டாரா என்பவற்றை நீதவான் பார்ப்பார். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையும் பிறப்பிக்கலாம். சம்பளமில்லாத பொதுவேலை, சீர்திருத்த உத்தியோகத்தரின் மேற்பார்வை, தேவையானால் போதைப் புனர்வாழ்வு ஆகியன அதில் அடங்கும். அதற்கு முன் உத்தியோகத்தர் வீட்டு நிலையை விசாரித்து அறிக்கை தருவார். அந்த அறிக்கையில் பொய் இருந்தால் கதை அன்றே முடிந்துவிடும்.

உவர்மலை அக்கா: உண்மையைச் சொல்கிறேன். தம்பி ஐஸ் போதைப்பொருள் பாவிக்கிறான். பால்மாவை எடுத்தது விற்பதற்காகத்தான். வெளியே சொன்னால் வழக்குக் கூடிவிடுமோ என்று பயந்து வீட்டுக்குள் மறைத்து வைத்திருந்தோம்.

கடைவீதியார்: இதைக் கேட்ட பிறகு என் கருத்து இன்னும் இறுகுகிறது. காலையில் ஆஸ்பத்திரி வளவைக் கூட்டிவிட்டு, பின்னேரம் அதே கடைக்குள் நுழையமாட்டான் என்பதற்கு யார் பொறுப்பு? கடைக்காரனும் ஊரில் வாழ வேண்டும் அல்லவா?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்: யாரும் பொறுப்பில்லை, சிறையிலிருந்து வெளியே வருபவனுக்கும் யாரும் பொறுப்பில்லை. சில மாதங்கள் நெரிசலான சிறைக்கூடத்தில் பெரிய போதை வியாபாரிகளின் சகவாசத்தோடு இருந்துவிட்டு வருகிறவன், பால்மாவோடு நிற்பான் என்று நான் நம்பவில்லை. கட்டளையை மீறினால் மீண்டும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரலாம். அந்தப் பிடி உங்களுக்கும் நன்மைதானே.

கடைவீதியார்: பொருளின் விலையைச் செலுத்தி, கடை முகாமையாளரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டால் நான் குறைவாகக் கத்துவேன். ஆனால் பழைய தண்டனையை அனுபவிக்கத்தான் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்: அக்கா, சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்; வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்காடுவார்கள். முதலில் பழைய வழக்கின் கட்டளைப் பிரதியை எடுத்து, ஒத்திவைப்பு எந்தத் திகதியில் முடிகிறது என்று பாருங்கள். மருத்துவரிடமிருந்து போதைச் சிகிச்சைக் கடிதமும் வாங்குங்கள். அந்த இரண்டு கடதாசிகளையும் சட்டத்தரணி பார்க்கும்வரை தம்பி நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ வேண்டாம்.