குச்சிக்கிழங்கு ஸ்டார்ச் தூசி: எந்த டெஸ்ட் தேவை, சாம்பிள் எங்கே எடுக்கணும்?

மாவுமில்:
சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு ஸ்டார்ச் யூனிட். ஃப்ளாஷ் டிரையர் (சூடு காத்துல மாவைக் காய வைக்கிறது), சைக்ளோன் (காத்துல இருந்து மாவைப் பிரிக்கிறது), கடைசியில பேக் ஃபில்டர் (மிச்ச தூசியைத் துணிப்பையில பிடிக்கிறது), அப்புறம் சல்லடை, மூட்டை பிடிக்கிற இடம். இன்சூரன்ஸ்ல தூசி வெடிப்பு ரிப்போர்ட் கேக்கறாங்க. லேப் கொட்டேஷன்ல ஏகப்பட்ட டெஸ்ட். எல்லாமே வேணுமா? நம்ம மாவுல ஈரம் 12–13 சதவீதம். அவங்க காய வச்சு, 75 மைக்ரானுக்குக் கீழ சலிச்சு டெஸ்ட் பண்ணுவோம்ங்கறாங்க. அது நம்ம சரக்கே இல்லையே? பேசாம நெட்ல கிடைக்கிற அட்டவணை எண்ணை வச்சு வென்ட் (வெடிப்பு அழுத்தத்தை வெளியே விடற திறப்பு) போட்டுட்டா என்ன?

துகள்:
அட்டவணையை நம்பி வென்ட் போடாதீங்க. என்எஃப்பிஏ 68ங்கற அமெரிக்க வென்ட் தரநிலையோட அட்டவணையில மரவள்ளி (குச்சிக்கிழங்கு) மாவுக்கு கேஎஸ்டி, அதாவது வெடிப்பு அழுத்தம் ஏறும் வேகத்தோட எண், 62, மக்காச்சோள ஸ்டார்ச்சுக்கு 202. முன்னது 22 மைக்ரான், பின்னது 7 மைக்ரான் தூள். ரெண்டும் ஸ்டார்ச்தான், ஆனா வெடிக்கிற வேகம் மூணு மடங்கு வித்தியாசம். உங்க ஃபில்டர்ல சேர்ற தூள் எந்தப் பக்கம்னு அட்டவணைக்குத் தெரியாது.

"வெடிக்குமா, வெடிக்காதா" ஸ்கிரீனிங்கை அடிச்சுடுங்க. ஸ்டார்ச் வெடிக்கும், அதுக்குக் காசு கொடுத்துத் தெரிஞ்சுக்க வேண்டாம். கேஎஸ்டியும் பிமேக்ஸும் (வெடிப்போட உச்ச அழுத்தம்) கட்டாயம், வென்ட் அளவே அதுலதான் நிக்குது. எம்ஐஇ, அதாவது பத்த வைக்கத் தேவையான குறைந்தபட்ச தீப்பொறி ஆற்றல், எர்த்திங்கை எவ்வளவு கறாரா பண்ணணும்னு சொல்லும். தூசி மேகம் பத்துற வெப்பநிலையும், படிஞ்ச அடுக்கு பத்துற வெப்பநிலையும் டிரையருக்கும் மோட்டாருக்கும் வேணும். வெடிக்காம இருக்க உள்ளே நைட்ரஜன் ஓட்டப் போறதில்லைன்னா ஆக்சிஜன் வரம்பு டெஸ்ட் வீண் செலவு. குறைந்தபட்ச செறிவு (வெடிக்க காத்துல எவ்வளவு தூசியாவது இருக்கணும்) டெஸ்டும் ஃபில்டருக்கு உதவாது. பையில ஒட்டின தூசியை உதற காத்து பல்ஸ் அடிக்கிறப்பல்லாம் உள்ளே அந்த வரம்பைத் தாண்டிடும்.

ரெண்டு வெப்பநிலையையும் பயன்படுத்துற விதம்: மேகத்தோட எண்ணுல மூணுல ரெண்டு பங்கு, 5 மில்லிமீட்டர் அடுக்கோட எண்ணுல 75 டிகிரி கழிச்சது, ரெண்டுல எது குறைவோ அதுதான் மேற்பரப்பு உச்சவரம்பு. உதாரணத்துக்கு மேகம் 420, அடுக்கு 330 வந்தா, 280ம் 255ம் கிடைக்கும். 255ஐ எடுங்க. அடுக்கு டெஸ்ட் எந்த தடிமன்ல பண்ணினாங்கன்னு பாருங்க. ஏஎஸ்டிஎம்ங்கற அமெரிக்க தரநிலை முறையில 12.7 மில்லிமீட்டர், அதுக்கு இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது.

சல்லடை_63:
ஈரம் பத்தின கேள்விக்கு. மூட்டைக்குப் போற மாவு 12 சதவீதம், சரி. ஈர மாவு ஃபீட் நின்னுபோய் சூடு காத்து மட்டும் ஓடுற நேரத்தை யோசிங்க. டக்ட்லயும் சைக்ளோன் கூம்புலயும் ஒட்டியிருக்கிறது காய்ஞ்சு போகும். பெல்ட் அறுந்தாலே போதும், அந்த நிலைமை வந்துடும். அதனாலதான் தூசி வெடிப்பு டெஸ்டுக்கான ஏஎஸ்டிஎம் இ 1226ல ஈரம் 5 சதவீதத்துக்குள்ள, 95 சதவீதம் 75 மைக்ரானுக்குக் கீழன்னு பரிந்துரை. லேப் சொல்றது சரிதான். காய வைக்கும்போது மாவு வெந்து கட்டியாகக் கூடாதுங்கறதை மட்டும் சொல்லி வைங்க.

சாம்பிளை ஃபில்டர் ஹாப்பர்ல (கீழே தூள் சேர்ற கூம்பு) எடுங்க. மூட்டை மாவுல பெரிய துகள் அதிகம், அதைக் கொடுத்தா எண் குறைவா வரும். தரையில கூட்டினது வேண்டவே வேண்டாம், சாக்கு நாரும் மண்ணும் கலந்திருக்கும். சலிச்ச பிறகு ஒரு கிலோவாவது மிஞ்சணும், அதனால ரெண்டு, மூணு கிலோ எடுத்து ரெட்டை பாலிதீன் உறையில காத்துப் புகாம கட்டுங்க. எடுத்த இடம், தேதி, அப்போ இருந்த ஈரம், மூணும் உறை மேலயே எழுதுங்க.

துகள்:
ரிப்போர்ட் வந்ததும் கடைசிப் பக்க எண்ணை மட்டும் பார்க்காதீங்க. லேப்ல வெடிக்க வச்சுப் பார்க்கிற 20 லிட்டர் கோளத்தை முதல்ல 0.4 பாருக்கு இறக்கி, 0.6 லிட்டர் கலத்துல 20 பார் அழுத்தக் காத்தோட தூளை உள்ளே ஊதி, 60 மில்லிசெகண்ட் கழிச்சு 5 கிலோஜூல் பத்தவைப்பான் ரெண்டைக் கொளுத்தணும். தாமதத்தை நீட்டினா கொந்தளிப்பு அடங்கி கேஎஸ்டி குறைஞ்சுடும். தூள் 5 கிராம் போட்டா கன மீட்டருக்கு 250 கிராம், 10 போட்டா 500. இப்படி ஏத்திக்கிட்டே போய் வளைவு உச்சியைத் தொட்டு இறங்கறது தெரியணும். பலதுல வளைவு ஏறிக்கிட்டிருக்கும்போதே நிறுத்திடறாங்க, அது உச்சமே இல்ல. இப்படி மூணு தொடர் ஓடியிருக்கணும்.

கணக்கை நீங்களே சரிபார்க்கலாம்: அழுத்தம் ஏறும் உச்ச வேகத்தை 0.271ஆல பெருக்குங்க. வினாடிக்கு 500 பார்னா கேஎஸ்டி சுமார் 136. கேஎஸ்டி 200 வரைக்கும் எஸ்டி 1 வகுப்பு, 300 வரைக்கும் எஸ்டி 2. "எஸ்டி 1னா பலவீனம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பிமேக்ஸ் 8–9 பார் வந்தா எந்தத் தகரப் பெட்டியும் தாங்காது. எம்ஐஇயில தீப்பொறி சர்க்யூட்ல இண்டக்டன்ஸ் (கம்பிச்சுருள்) சேர்த்தாங்களா இல்லையான்னும் கேளுங்க, சேர்த்தா எண் குறைவா வரும்.

மாவுமில்:
நன்றி. ஃபில்டர் கட்டிடத்துக்குள்ள இருக்கு. எண் வந்ததும் வென்ட் வச்சுட்டா முடிஞ்சதா?

சல்லடை_63:
உள்ளே திறக்கிற வென்ட் ஆளைக் கொல்லும். ஃபில்டரை வெளியே நகர்த்துங்க, முடியலைன்னா தீச்சுவாலை வெளியே வராத வென்ட். நீளமான டக்ட் போட்டு சுவருக்கு வெளியே விட்டா ஃபில்டருக்குள்ள அழுத்தம் ஏறும், அதைக் கணக்குல சேர்க்காம போட்டா பெட்டி கிழியும். வென்ட் மட்டும் பத்தாது. ஃபில்டர்ல பத்தினது டக்ட் வழியா பின்னால சைக்ளோனுக்குப் போகும், நுழைவு டக்ட்ல தடுப்பு வால்வு வேணும். வெடிப்பு தெரிஞ்ச உடனே ஹாப்பருக்குக் கீழ மாவை இறக்குற ரோட்டரி வால்வு நிக்கணும், இல்லன்னா எரியற மாவைக் கீழே இறக்கிடும்.

துகள்:
உத்தரம், கேபிள் தட்டு மேல படிஞ்சதையும் பாருங்க. தரைப் பரப்பு முழுக்க 0.8 மில்லிமீட்டர் மாவு இருந்தா, கன மீட்டருக்கு 500 கிலோ அடர்த்தின்னு வச்சு, சதுர மீட்டருக்கு 400 கிராம். 3 மீட்டர் உயர அறையில கிளம்பினா கன மீட்டருக்கு 133 கிராம். மேலே சொன்ன அதே அட்டவணையில மரவள்ளிக்குக் குறைந்தபட்ச செறிவு 125, அதைத் தாண்டிடுச்சு. 2008ல அமெரிக்காவோட ஜார்ஜியா மாநிலத்துல இம்பீரியல் சுகர் ஆலையில 14 பேர் செத்தது, இப்படிப் படிஞ்சிருந்த சர்க்கரைத் தூசி அடுத்தடுத்து வெடிச்சதுலதான். காத்தடிச்சு சுத்தம் பண்ணாதீங்க, தூசிக்கு ஏத்த வேக்யூம் வாங்குங்க. 2025 நவம்பர் வரைக்கும் அமல்ல இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 37வது பிரிவும் தூசி சேராம அகற்றணும்னுதான் சொல்லுச்சு. இன்ஸ்பெக்டர் வந்தா டெஸ்ட் ரிப்போர்ட்டோட சுத்தம் பண்ணின ரெஜிஸ்டரையும் காட்டுங்க.